கூட்டத்துக்கு வராத தூண்டில்காரர்கள்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேசிவிட்டு நான் கிளம்பியபோது, உங்களில் ஒருவர் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தார். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை. ஏரி சம்பந்தமான கூட்டத்துக்கு வலைக்காரர்களைக் கூப்பிடுவது புரிகிறது, விவசாயிகளைக் கூப்பிடுவது புரிகிறது, பொழுதுபோகாமல் தூண்டில் போடுகிறவர்களை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு பஸ்ஸை விடுவது பெரிய விஷயமில்லை, ஆனால் அன்று வீட்டில் விருந்தாளிகள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை கேட்டதைத் தப்பென்று சொல்லமாட்டேன். நான் அதைவிடக் கடுமையாகக் கேட்டவன். கடற்கரை ஊரில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் கடலுக்குப் போனவர் திரும்பி வந்தால்தான் அடுப்பு எரியும். மீன் பிடிப்பதை ஒருவன் விளையாட்டாகச் செய்கிறான் என்றால் எங்களுக்கு அவன்மேல் சிரிப்புக்கூட வராது, எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலோடுதான் அறுபதுகளின் கடைசியில் மீன்துறை ஆய்வாளராகக் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்தேன். சுற்றுவட்டார ஏரிகள் என் பொறுப்பு.

தாமல் போகிற வழியில் ஓர் ஏரி. பெயரைச் சொன்னால் இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் என் வீட்டுக்கு வழி கேட்டு வருவார்கள், ஆகவே ஏரி என்றே வைத்துக்கொள்வோம். அதில் மீன் பிடிக்கும் உரிமை ஒரு வலைக்காரர் சங்கத்திடம் இருந்தது. சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாலாற்றுப் பக்கமிருந்து வந்து கரையோரம் குடிசை போட்டிருந்த பதினோரு குடும்பங்கள். குத்தகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் தவறினால் ஏரி பொது ஏலத்துக்குப் போகும், பெரிய கை யாராவது எடுத்துக்கொள்வார்கள், இவர்கள் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். சூளைக்குப் போன குடும்பம் திரும்பி வந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

சங்கத் தலைவர் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். அவருக்கு வாய்த்த குரலை எப்படிச் சொல்வது? மதகுப் பக்கம் நின்று அவர் பேசினால் மறுகோடியில் மிகைநீர் வழிகிற கலங்கலில் குளிக்கிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். வணக்கம் சொன்னாலே நான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல இருக்கும். அவர் மனைவி சரோஜாவுக்குச் சங்கத்தில் ஒரு பதவியும் கிடையாது. ஆனால் எதையும் முடிவாகச் சொல்வதற்கு முன் ஏழுமலையின் பார்வை ஒரு முறை அந்தம்மா இருக்கும் பக்கம் போய்வரும்.

இனி தூண்டில்காரர்கள். காஞ்சிபுரத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் தெருவில் நுழைந்தாலே தறிச் சத்தம் காதை அடைக்கும். அன்று மட்டும் நெசவாளிகள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் பல்லி கத்தினால் கேட்கும். பொழுது விடிந்ததும் மூங்கில் கழியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நெசவாளிகள் ஏரிக்கு வந்துவிடுவார்கள். தூண்டில் கயிறு, தறியில் மிஞ்சிய பட்டு இழையை முறுக்கியது. கல்யாணச் சேலைக்குச் சொந்தக்கார நூலில் கெளுத்தி தொங்குவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அமாவாசையில் அவர்கள் வீட்டில் மீன் ஆகாது. முன்னோர்க்குப் படையல் போடுகிற நாள். ஆக, நாள் முழுக்க மீன் பிடிப்பார்கள், ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். பிடிக்கிற மீனைத் தின்னமாட்டான், வெயிலில் மட்டும் காய்வான் என்றால் அவன் எந்த ரகம் என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அவர்களில் முக்கியமானவர் வரதன். கரையைத் தனி நிறத்தில் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலை நெய்கிறவர், ஒல்லியான ஆள். ஒரு சொல் சொல்லி, அது சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லை எடுப்பார்.

நான் வந்த வருடமே தகராறு முற்றிவிட்டது. தங்கள் மீன் சந்தையில் விலை போகவில்லை, அமாவாசைக்கு வருகிறவர்கள் அள்ளிக்கொண்டுபோய் விற்கிறார்கள் என்று ஏழுமலை புகார் கொடுத்தார். புகாருக்குப் பதில் வருவதற்குள் அவர் ஆட்கள் கரையில் சிலருடைய கழிகளைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தார்கள். சில நாளில் ஒரு வலை கிழிந்து கிடந்தது. யார் கிழித்தது என்று யாருக்கும் தெரியாது, அதாவது எல்லாருக்கும் தெரியும். போலீஸ் வரை போயிற்று. எங்கள் ஆபீசிலிருந்து 'தூண்டில் போடத் தடை' என்று கரையில் ஒரு பலகை நட்டோம். அடுத்த அமாவாசைக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் சோற்று மூட்டைகளை வரிசையாக மாட்டிவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் மேலதிகாரி வேகமான மனிதர். மேஜையில் ஒரு கோப்பு தங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. இரு தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து, நிரந்தரத் தடை போட்டு, கோப்பை மூடிவிடலாம் என்றார். நாளையும் அவரே குறித்தார். "நெசவாளிங்களுக்கு லீவு அமாவாசைதானேய்யா? அன்னிக்கு வெச்சா வேலை கெட்டுதுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது" என்றார். மனிதர் எவ்வளவு யோசிக்கிறார் என்று நான் மெச்சிக்கொண்டேன். தெருத் தெருவாக ஆள் விட்டுச் சொல்லவும் சொன்னேன்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் இப்போதே சிரித்திருப்பீர்கள். எங்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம். ஒரு பக்க பெஞ்சு நிறைய வலைக்காரர்கள், துவைத்த சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாக. எதிர்ப் பக்க பெஞ்சு காலி. அதிகாரி காத்துப் பார்த்தார், காப்பி குடித்தார், மறுபடி காத்துப் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். முறையாகக் கூப்பிட்டோம், யாரும் வரவில்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் மாலைக்குள் மெட்ராஸ் போயாக வேண்டும். அக்கறை இருந்தால் வந்திருப்பார்களே என்று ஏழுமலை கூரை அதிரச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கையெழுத்து விழுந்தால் ஏரி அவர்களுக்கே, குடும்பங்கள் பிழைத்தன என்று அவர் நினைத்தார். அதில் தப்பில்லை.

பேனாவை வாங்கினேன். எனக்குத் தூண்டில்காரர்கள்மேல் துளியும் பாசம் கிடையாது. ஆனாலும் கை ஓடவில்லை. உடைந்த கழிக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வரை ஏறியவர்கள் இதற்கு ஏன் வரவில்லை? அப்போது பெஞ்சின் கடைசியில் இருந்த சரோஜா பக்கத்துப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது.

"அமாவாசையாச்சே. அவங்கல்லாம் இந்நேரம் கரையில குந்திக்கினு இருப்பாங்க."

தலையில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. பேனாவை மூடி அதிகாரியிடமே கொடுத்தேன்.

"சார், அவங்க ஏரிக்கரையிலதான் இருக்காங்க. வராதது நாமதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஆய்வாளர் மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சில்லை அது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அரை மணி நேரம்தான் என்றார், எழுந்து ஜீப்பில் ஏறினார். ஏழுமலையையும் சரோஜாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டோம். மற்றவர்கள் நடந்து வந்தார்கள்.

கரை நெடுக மூங்கில் கழிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள், முண்டாசும் மௌனமுமாக. ஏழுமலை ஜீப்பிலிருந்து குதித்த வேகத்திலேயே ஆரம்பித்தார். முதல் வார்த்தை முடியவில்லை, கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்கள். வாயை மூடு என்கிற அதட்டல் இல்லை அது. குழந்தை தூங்குகிற வீட்டில் வைப்பது போல வைத்தார்கள். மீன் கடிக்கிற நேரமாம். அதிகாரி தன் பங்குக்குக் கனைத்தார். அவருக்கும் அதே விரல்தான்.

ஆக, அந்தக் கூட்டம் முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. நீங்களே முயன்று பாருங்கள். ஒருவரை அடிக்குரலில் எவ்வளவு நேரம் திட்ட முடியும்? திட்டுவதற்கு மூச்சு வேண்டும். ஏழுமலை கழுத்து நரம்பு புடைக்கப் பார்த்தார், காற்றுத்தான் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் வரதனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் காதருகில் பேசினால்தானே கேட்கும்?

ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று அதிகாரி கேட்டார். வரதன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அமாவாசையில கூப்டா எப்பிடி சார் வர முடியும்? வேற எந்த நாளு சொல்லியிருந்தாலும் தறியை நிறுத்திட்டு வந்திருப்போமே."

கூலி போகிற நாளில் வருவார்கள், கூலி போகாத நாளில் வரமாட்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார், நான் ஏரியைப் பார்த்தேன். அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று நானே கேட்டுவிட்டேன். கேலியாகக் கேட்க நினைத்தது, கிசுகிசுப்பில் கேட்டதால் கேலி கரைந்துபோயிற்று.

"மாசம் பூரா ஒரு சாண் தூரத்துலயே கண்ணு கெடக்குது சார். இங்க வந்து குந்துனா அந்தாண்ட கரை வரைக்கும் போய்ட்டு வருது. அவ்ளோதான்."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. அதுவரை அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஏழுமலை விஷயத்துக்கு வந்தார். பிடிக்கிற மீனையெல்லாம் விற்கிறீர்களே என்றார். வரதனுக்குச் சுருக்கென்றது. தறிக்காரன் மீன் விற்பானா என்று கேட்டார். அப்படியென்றால் மீன் எங்கே போகிறது? வரதன் கழியை அசைக்காமல் மோவாயால் காட்டினார். கொஞ்சம் தள்ளி, பனைமரத்து நிழலில், சைக்கிளில் இரண்டு கூடை கட்டிக்கொண்டு ஓர் ஆள் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வாலாஜாபாத் பக்கத்து வியாபாரி. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத மீனை இவர்கள் சும்மா கொடுப்பார்கள், அவன் சும்மா வாங்கிக்கொள்வான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. கொடுத்தார்கள், வாங்கினான்.

ஏழுமலைக்கு உடனே பிடிபடவில்லை. சரோஜாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

"நாளைக்குத்தான சார் எங்களுக்கு யாவாரமே. அமாவாசைக்கு ஊரே வாயைக் கட்டுது, மறுநாள் எல்லாருக்கும் மீனு வேணும். நாங்க கூடையை எறக்கறதுக்குள்ள இந்தாளு பாதி விலைக்கு வித்துட்டுப் பூடறான்."

அப்புறம் ஒரு விநோதம் நடந்தது. வரதனுக்கு அடுத்தபடி உட்கார்ந்திருந்த நெசவாளி மெல்லத் தலையைச் சொறிந்தார். மறுநாள் காலையில் தானும் அந்தச் சைக்கிள்காரனிடம்தான் வாங்குவதாகச் சொன்னார். இன்னொருவர் தானும் என்றார். அவர்கள் பிடித்த மீனை அவர்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கரை முழுக்கச் சிரிப்பு. சத்தம் போடக் கூடாதே, ஆளாளுக்குத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். அதிகாரிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அரை மணியில் முடிவானது இதுதான். தூண்டில் அமாவாசைக்கு மட்டும். கரையோரத் தண்ணீரில் நாலு கம்பு நட்டு வலை கட்டி வைப்பது, பிடித்த மீனை உயிரோடு அதில் விடுவது. மறுநாள் அதை விற்பது வலைக்காரர்கள். குஞ்சு மீன் ஏரிக்கே. மதகுப் பக்கத்து ஆழமான மடுவில் தாய் விரால்கள் தங்கும், அங்கே தூண்டிலும் கூடாது, வலையும் கூடாது. கடைசியாக நான் ஒன்று சேர்த்தேன். ஏரி பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் தூண்டில்காரர்களுக்கும் இடம் உண்டு, அமாவாசை தவிர. அதிகாரி தலையாட்டிவிட்டு மெட்ராஸுக்கு ஓடினார்.

இதோடு நிறுத்தினால் பயிற்சி வகுப்பில் சொல்ல வசதியான கதை. சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உடைந்த கழிக்கும் கிழிந்த வலைக்கும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வலைக்கூண்டில் விட்ட மீனின் எண்ணிக்கை பற்றி மாதாமாதம் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் முணுமுணுப்பவர்கள் ஒருவருக்கொருவர் எதிரில் நின்று முணுமுணுத்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. பங்குனியிலேயே ஏரி வற்றித் தரை வெடித்துவிட்டது. தண்ணீர் இருந்தது மதகு மடுவில் மட்டும். ஏரி வற்றுகிறபோது இருப்பதையெல்லாம் அரித்து எடுத்துவிட வேண்டும், செத்து நாறவிடக் கூடாது என்பது எங்கள் துறையில் வழக்கம். அந்த வாரமே முடிவெடுங்கள், பொறுப்பு உங்களுடையது என்று அதிகாரி போனில் சொல்லிவிட்டார்.

கரையில் கூடினோம். வேலை நாள். சொன்னபடியே தறியை நிறுத்திவிட்டு வரதனும் சிலரும் வந்தார்கள். மடுவைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று வரதன் மெல்லச் சொன்னார். தாய் விரால் போய்விட்டால் மழை வந்தும் ஏரியில் என்ன இருக்கும் என்று கேட்டார். ஏழுமலை எழுந்துவிட்டார். இந்த முறை அவரை அடக்க ஒரு தூண்டிலும் தண்ணீரில் இல்லை.

"ஒனக்கு அது ஆட்டம்பா. எனக்கு அது சோறு. எங்க வூட்டுப் புள்ளைங்க இன்னிக்கு இன்னாத்த துன்னும்?"

அவர் சொன்னது சரி, அதை நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். மடுவை அரித்தால் கொஞ்ச நாள் சாப்பாடு. அதன்பின் ஏரியில் விதை மீன் இல்லை, அடுத்த வருடக் குத்தகையை அவர்களால் தாங்க முடியாது, சூளைதான். அரிக்காவிட்டால் இப்போதே பசி. மழை தள்ளிப்போனால் விராலும் சாகும், பசியும் வீண். எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் குடிசைகளின்மேல்தான் விழும். இப்படிப்பட்ட நேரத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு உடனே ஒரு சமரசம் சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருங்கள். நான் அன்று சும்மா இருந்ததற்குக் காரணம் விவேகமில்லை, பயம். ஆனாலும் பலன் ஒன்றுதான்.

வரதன் ஏழுமலையை விட்டுவிட்டுச் சரோஜா பக்கம் திரும்பினார். மழை வருகிற வரை தாக்குப்பிடிக்க என்ன வேண்டும் என்று கேட்டார்.

"வேலை வேணும். தானமா குடுத்தா வாங்க மாட்டோம்" என்றார் சரோஜா.

நெசவாளிகள் கொஞ்சம் தள்ளிப்போய்த் தங்களுக்குள் பேசினார்கள். கல்யாணச் சேலைகளுக்குக் கிராக்கியான பருவம் அது. சேலைக்கான பட்டு இழைகளை நீளவாட்டில் சேர்த்துப் பாவாக்கி, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட நிறையக் கைகள் வேண்டும். அந்த வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். தண்ணீரில் நின்ற கால் தெருவில் நிற்குமா என்பது போல ஏழுமலை மடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் தெருவில் இந்த ஆட்களைச் சேர்ப்பார்களா என்கிற சந்தேகமும் அவருக்கு இருந்திருக்கும், எனக்கும் இருந்தது.

"வலை முடியிற கைக்கு இழை இன்னா புதுசா?" என்று சரோஜா எழுந்து புடவையை உதறினார். அதோடு முடிந்தது.

அரிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மடுவுக்குக் காவல் நெசவாளிகள். ஒரு பாவு முடிந்து முதலாளி அடுத்த பாவு கொடுக்கும் வரை சும்மா இருக்கிறவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள், அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். தெருவில் முதல் சில நாள் முகச்சுளிப்பு இருந்தது என்று கேள்விப்பட்டேன். தண்ணீர்ச் செம்பைத் தனியாக வைத்த ஒரு வீட்டில் சரோஜா வேலை செய்ய மறுத்துவிட்டாராம். வரதன் அந்த வீட்டுக்காரரோடு பேசினார், செம்பு ஒன்றானது. அறுந்த இழையை எடுப்பதில் வலைக்காரப் பெண்களுக்கு நல்ல பேர் வந்தது.

அந்தக் கோடையை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மடுத் தண்ணீர் நாளுக்கு நாள் பச்சையாகி, குழம்பாகக் கெட்டிப்பட்டது. ஒரு நாள் இரண்டு விரால் செத்து மிதந்தன. ஏழுமலை அவற்றை ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். அன்று அவர் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஆடி கடைசியில் ஒரு சாயங்காலம் இடியோடு கொட்டியது. மறுநாள் போனபோது மடு பெருகி, கரை ஓரம் வரை கலங்கல் தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பிறகு விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டம் கூட்டமாக மேலே வந்தன. அதைப் பார்த்து நான் அழுதேன். மீன் குஞ்சைப் பார்த்து அழுத ஆய்வாளர் என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

குத்தகையைப் புதுப்பிக்கிற கூட்டம் மாசியில் வந்தது. அதற்குள் என் அதிகாரி மாற்றலாகி, புதியவர் வந்திருந்தார். தூண்டில்காரர்களையும் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். விளையாடுகிறவர்களுக்கு எதற்கய்யா நாற்காலி என்று அவர் சிரித்தார். நான் விளக்க விளக்க, அவருக்கு அது ஏதோ ஊர்க்கதையாகவே பட்டது. கூப்பிடவில்லை. குத்தகைக்கு அன்றுதான் கடைசி நாள். அன்று கையெழுத்தாகாவிட்டால் ஏரி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுக்க இருவர் காரோடு வந்து மரத்தடியில் காத்திருந்தார்கள்.

வலைக்காரர்கள் வந்தார்கள், ஆனால் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றார்கள். அதிகாரி என்னை அனுப்பிக் கூப்பிட்டார், வரவில்லை. பிறகு அவரே வாசற்படிக்கு வந்து, இன்று கையெழுத்தாகாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று ஏழுமலையிடம் கேட்டார். ஏழுமலை இந்த முறை சரோஜா பக்கம் பார்க்கவில்லை.

"தெரியும் சார். எங்களுக்குச் சூளைதான். ஆனா தண்ணி வத்துன காலத்துல எங்க வூட்டு ஒலை அவங்க தெருவு வேலையிலதான் கொதிச்சுது. அவங்க இல்லாம இந்த ஏரியைப் பத்திப் பேசறதுக்கு எங்களுக்கு வாய் இல்ல சார்."

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய் என் நாற்காலியைத் தூக்கிவந்து, வெளியே ஏழுமலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மரத்தடியில் இருந்த இருவரும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். பிறகு உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் பியூனைக் கூப்பிட்டது.

"ஜீப்பை எடுத்துக்கிட்டு பிள்ளையார்பாளையம் போய் அந்த வரதனையும் ஆளுங்களையும் கூட்டிட்டு வா. அவங்க வந்து உட்கார்ற வரைக்கும் கூட்டம் தொடங்கலை."